உட்கார்ந்த முனியின் மூச்சு

பள்ளிவாய்க்கால் கிராமத்தில் உட்கார்ந்த முனி சுருட்டுப் பிடிக்கத் தொடங்கியது ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில். பூசாரி பக்கிரிசாமி தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, வழக்கம்போல ஒரு சுருட்டைப் பற்றவைத்து முனியின் உதட்டில் செருகிவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு திரும்பிய நேரம் அது. அவருடைய தாத்தா காலத்திலிருந்து அங்கே செருகப்பட்ட சுருட்டெல்லாம் பாதி எரிந்து தானாக அவிந்து காற்றுக்கும் காக்கைக்கும் போய்ச் சேர்ந்தவைதான். அன்றைக்குச் செருகியது அவியவில்லை. நுனி சிவந்து கனன்றது, மங்கியது, மறுபடி கனன்றது, மறுபடி மங்கியது, உடைந்த மூக்கின் வழியாக வெள்ளையாகப் புகை இறங்கியது. பக்கிரிசாமி கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாய்க்காலில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, "சாமி சுருட்டு குடிக்குது, கொஞ்சம் சத்தம் போடாம துவைங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையது சாப்பிட்டார்.

ஊரில் யாரும் மயங்கி விழவில்லை. கொடுத்ததை இத்தனை காலம் வாங்காமல் இருந்தவர் இப்போது வாங்கிக்கொண்டார், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். "இவ்ளோ நாளா நாமதான் மட்டமான சுருட்டா வாங்கி வச்சிருக்கோம் போல" என்று மனசு நொந்தவர்களும் உண்டு.

உட்கார்ந்த முனி என்பது வயலுக்கு நடுவே, ஒரு புங்கமரத்தடியில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கருங்கல் சிலை. மற்ற ஊர் முனிகள் எல்லாம் அரிவாளை ஓங்கிக்கொண்டு, விழியை உருட்டிக்கொண்டு நிற்கும்போது, இந்த ஊர் முனி மட்டும் சம்மணமிட்டு, இரண்டு கையையும் மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தார். காது தோளைத் தொடும். உச்சந்தலையில் தீக்கொழுந்துபோல ஒன்று எழும்பி நிற்கும். அது முனியின் கோபம் என்றும், கோபத்தை எல்லாம் தலைக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டதால்தான் முகம் இவ்வளவு சாந்தமாக இருக்கிறது என்றும் ஊரில் ஒரு விளக்கம் இருந்தது. ஆனாலும் முனி என்றால் மீசை வேண்டுமே என்று யாரோ எந்தக் காலத்திலோ கரியைக் குழைத்து ஒரு முறுக்கு மீசை வரைந்துவிட்டார்கள். மழை அதை அழிக்கும், பக்கிரிசாமி மறுபடி வரைவார். இப்படியே மழைக்கும் பக்கிரிசாமி வம்சத்துக்கும் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் முனியின் நெஞ்சு ஏறி இறங்குவது நன்றாகவே தெரிந்தது. கல் நெஞ்சுதான், தொட்டால் கல்தான், ஆனால் நிதானமாக மேலே வந்து, ஒரு கணம் நின்று, நிதானமாகக் கீழே போனது. கிட்டே போய் நின்றால் நெற்குதிருக்குள் கை விட்டதுபோல மெல்லிய சூடு முகத்தில் பட்டது. இந்த இடத்தில்தான் ஊர் ஒரு தப்புப் பண்ணியது. வேறு எந்த ஊரும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்காது. சாமிக்கு இழுப்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அத்தனை தலைமுறைச் சுருட்டும் ஒருநாளில் வேலையைக் காட்டாமல் இருக்குமா? பெண்கள் பக்கிரிசாமியைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார்கள். சுருட்டு அன்றோடு நின்றது. வீட்டுக்கு வீடு முறைவைத்துத் தூதுவளை ரசம் வந்தது, திப்பிலிக் கஷாயம் வந்தது, துளசிச் சாறு வந்தது, யாரோ துபாயிலிருந்து வந்த தைலத்தை நெஞ்சில் தடவினார்கள், யாரோ கம்பளி மப்ளர் ஒன்றைக் கழுத்தில் சுற்றி, காதை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை மூடினார்கள். காதை மூடினால் குறை சொல்வது எப்படிக் கேட்கும் என்பது அவர்கள் கவலை. சித்திரை வெயிலில் மப்ளர் கட்டிக்கொண்டு, கஷாயம் வழிந்த மீசையோடு, முனி ஒன்றும் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மூச்சு ஊருக்குப் பழகிப்போயிற்று. முனியைத் தாண்டி நாற்றங்காலுக்குப் போகிறவர்கள் தாங்களும் அறியாமல் அதே கணக்கில் மூச்சு விட்டார்கள், வரப்புத் தகராறில் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பங்காளிகள் புங்கமரத்தைத் தாண்டும்போது கோபம் எதற்கென்று மறந்துபோய் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள், அழுகிற பிள்ளைகளைத் தூக்கிவந்து முனியின் மடியில் கிடத்திவிட்டுத் தாய்மார் களை பறித்தார்கள், டவுன் பஸ் டிரைவர் அந்த இடம் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார், பயணிகள் ஜன்னல் வழியாகக் காதை நீட்டிக் கேட்பார்கள், பிறகு பஸ் கிளம்பும். பள்ளிவாய்க்கால்காரர்கள் நல்ல மனுஷர்கள். உலகத்தில் இல்லாத ஒன்று வந்து நடுவில் உட்கார்ந்தாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிடுவார்கள்.

தையல்நாயகிக்கு மட்டும் அந்த மூச்சைக் கேட்டால் பயமாக இருந்தது.

தையல்நாயகி பக்கிரிசாமியின் தம்பி மகன் கலியமூர்த்தியின் மனைவி. கலியமூர்த்தி அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், பாதி நாள் வெளியூரில் இருப்பான். அவர்களுக்கு தர்ஷினி என்று ஒரே பெண். அவள் கைக்குழந்தைப் பருவம் தாண்டி ஓடியாடத் தொடங்கிய வயதில், ஒரு கார்த்திகை மழையில் காய்ச்சல் வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஜில்லா ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே ஒரு நர்ஸ் பிள்ளையின் சட்டையைத் தூக்கி விலாவைக் காட்டி, "நீ வேற ஒண்ணும் செய்ய வேணாம்மா. மூச்சை மட்டும் பாத்துக்கிட்டே இரு. விலா உள்ள ஒட்டுச்சுன்னா என்னைக் கூப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். தையல்நாயகி பார்த்தாள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. அவளுக்கு ஊர் மறந்தது, புருஷன் மறந்தான், பசி மறந்தது, கட்டிலும் சுவரும் மறைந்து, அந்தச் சின்ன நெஞ்சு ஒன்று மட்டும் உலகத்தில் மிச்சமிருந்தது. அந்த நேரத்தில்தான், மூச்சு ஒரு தரம் தட்டுக்கெட்டு நின்று மறுபடி வருவதற்குள், அவள் வேண்டிக்கொண்டாள்: "முனியய்யா, உசுருக்கு உசுரு தர்றேன். என் புள்ளைய விட்டுடு."

பிள்ளை பிழைத்தது. ஊருக்கு வந்ததும் தையல்நாயகி ஒரு கருப்புக் கிடாக்குட்டியை வாங்கி, முனி காலடியில் விபூதி பூசி, கழுத்தில் மணி கட்டி நேர்ந்துவிட்டாள். நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கமாட்டார்கள், எவன் வயலில் மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள், அதற்குப் பேர் வைக்கவும் கூடாது. பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் வெட்டும்போது கை நடுங்கும். அது முனிகிடா, அவ்வளவுதான். தர்ஷினி பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது கிடாவும் கொம்பு முறுக்கி வளர்ந்து நின்றது, அந்த வருஷம் ஆடி கடைசிச் செவ்வாயில் கொடுப்பதென்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். அந்த வருஷம் பார்த்துத்தான் முனி மூச்சுவிடத் தொடங்கினார்.

ஊருக்கு அது இழுப்பு. தையல்நாயகிக்கு அது ஞாபகமூட்டல். தூங்கிக்கொண்டிருந்தவர் தன் பங்கைக் கேட்டு எழுந்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

கிடா என்னவோ கவலைப்படவில்லை. மேய்ச்சல் முடிந்தால் நேராகப் புங்கமரத்தடிக்கு வந்து, முனியின் முட்டியில் முதுகைச் சாய்த்துப் படுத்து அசைபோட்டது. முனிக்கு வைத்த தூதுவளை ரசத்தில் பாதி அதன் வயிற்றுக்குத்தான் போனது.

பஸ்ஸை அணைத்து நிறுத்துகிற கதை எங்கெங்கோ போய், ஆனி மாதம் ஒரு பிக்குவைக் கொண்டுவந்து இறக்கியது. செங்கல் நிறத்தில் உடுத்து, தலையை மழித்து, தோளில் ஒரு துணிப்பை போட்ட இளைஞர். சொந்த ஊர் வடாற்காடு பக்கம், பேர் தம்மசீலர். ஊர் அவரை மொட்டைச்சாமி என்றது, அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் முனியை வலமாகச் சுற்றிவந்து, மப்ளரையும் மீசையையும் பார்த்து, மண்ணில் விழுந்து கும்பிட்டு, எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அய்யா, இவரு புத்தருங்க" என்றார் பக்கிரிசாமியிடம். "இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல பௌத்தப் பள்ளிங்க இருந்துச்சு. அப்ப உட்கார்ந்தவரு, இன்னும் உட்கார்ந்திருக்காரு. இது இழுப்பு இல்லீங்க. இவரு மூச்சைக் கவனிச்சிக்கிட்டு இருக்காரு."

பக்கிரிசாமி யோசித்தார். "இருக்கட்டும் சாமி. அவரு யாருன்னு நாங்க ஒரு நாளும் கேட்டதில்ல, அவரும் எங்களைக் கேட்டதில்ல. மீசை நாங்க வரஞ்சதுதான், அதை ஒத்துக்குறேன். ஆனா எங்க தாத்தன் பூட்டன் கூப்புட்டப்ப எல்லாம் முனின்னுதான் கூப்புட்டாங்க, அவரும் வந்து காப்பாத்துனாரு. இல்லேன்னு சொல்லுவீங்களா?"

"சொல்லமாட்டேன்."

"அப்பறம் என்ன. மோர் சாப்புடுங்க."

இந்த அளவில் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்து, முனியே புத்தர் என்று ஒருவனும், புத்தரே முனி என்று ஒருவனும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார்கள். பிக்கு ஊர்ச் சாவடியில் தங்கிக்கொண்டார். மதியத்துக்கு மேல் அவர் சாப்பிடமாட்டார் என்றதும் முதலில் ஊருக்கு வருத்தமாக இருந்தது, பிறகு ஏதோ வேண்டுதல் போல என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிச் சமாதானமாகி, காலையிலேயே இரண்டு பங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். கிடா பற்றிய பேச்சு வந்தபோதுதான் முகங்கள் மாறின. புத்தர் முன்னால் ஓர் உயிரைக் கொல்வது கூடாது என்று பிக்கு சொன்னார், கையைக் கூப்பிக்கொண்டுதான் சொன்னார். சாமிக்குச் சொன்ன சொல்லை மாற்றினால் அது குடும்பத்தைச் சும்மா விடாது என்று பக்கிரிசாமி சொன்னார், அவரும் கோபமில்லாமல்தான் சொன்னார். இரண்டு பேரும் நல்லவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டவள் தையல்நாயகி.

அவள் மறுநாள் காலையில் முனிக்குக் கஷாயம் ஊற்றவந்த சாக்கில் பிக்குவிடம் கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"சாமி, கிடாவைக் குடுக்காம விட்டா என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் தம்மசீலர். "ஆகாதுன்னு சொல்லி உங்களைத் தேத்தலாம். அது பொய்யா இருந்தா?"

தையல்நாயகிக்கு அந்தப் பதிலில் முதலில் கோபமும், கொஞ்சம் பொறுத்து ஒரு நிம்மதியும் வந்தது. தெரியாது என்று சொல்கிற சாமியாரை அவள் அதுவரை பார்த்ததில்லை. "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சது என்னன்னாவது சொல்லுங்க" என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். இவரு முன்னால உட்கார்ந்து மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் பாக்குறது."

தையல்நாயகி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இதையா? இதை நான் ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன் சாமி. கண் அசராம பாத்திருக்கேன். என் மூச்சை இல்ல, அவ மூச்சை."

பிக்கு எழுந்து அவளைக் கும்பிட்டார். தன்னை ஒரு சாமியார் கும்பிடுகிறாரே என்று பதறி அவள் கஷாயச் சொம்பைக் கீழே போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் காலையில் அங்கே உட்காரத் தொடங்கினாள். பிறந்த வீட்டில் பழகிய வழக்கத்தை ஒன்றும் விடவில்லை. குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அகல் ஏற்றி, சூடம் காட்டி, அதன் பிறகு சம்மணமிட்டு உட்கார்ந்து மூச்சைப் பார்த்தாள். பார்க்கும்போது உதடு தானாக முருகா முருகா என்றது. பிக்கு ஒருநாள் மெதுவாக, "பேரு எதுவும் சொல்லாம வெறும் மூச்சை மட்டும் பாத்தா போதும்மா" என்றார்.

"அவரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும் சாமி. அவரு ஒண்ணும் சத்தம் போடமாட்டாரு" என்றாள் தையல்நாயகி, கண்ணைத் திறக்காமலே.

பக்கிரிசாமி தூரத்திலிருந்து, விளக்கும் ஏற்றுகிறாள், மொட்டைச்சாமி சொன்னதையும் செய்கிறாள், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்று புரியாமல் தலையைச் சொறிந்தார். அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. பயம் அப்படியே இருக்க, அந்தப் பயத்தையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கலியமூர்த்தி ஊருக்கு வந்திருந்தபோது, "நேர்ந்தது நீ. நீ என்ன சொல்றியோ அதுதான்" என்று சொல்லிவிட்டான், ஆனால் எதைச் சொல்வதென்று அவளுக்கே தெரியவில்லை. ஆடி கடைசிச் செவ்வாய் வந்துவிட்டது.

ஊரே புங்கமரத்தடியில் கூடியது. பொங்கல் பொங்கியாயிற்று, பம்பை அடித்தாயிற்று, முனிக்குப் புது மீசையும் வரைந்தாயிற்று. பிக்கு போய்விடவில்லை. கண்ணெதிரே நடப்பதைப் பார்க்கமாட்டேன் என்று எழுந்துபோவது தனக்குச் சுலபம், இந்த அம்மாவுக்குச் சுலபமில்லையே என்று ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, முனிக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். உதறாமல் வெட்டினால் அது கொலை. எந்த ஆடும் ஈரம் பட்டால் உதறாமல் இருக்காது என்பது ஆட்டுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பக்கிரிசாமி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை முதுகெலும்பு நெடுக ஊற்றினார். கிடா நின்றது. தண்ணீர் விலா வழியாக வழிந்து தரையில் சொட்டியது. காது கூட ஆடவில்லை. இரண்டாவது செம்பு ஊற்றினார். கிடா பாதிக் கண்ணை மூடிக்கொண்டது. முனியின் நெஞ்சு ஏறியது, கிடாவின் விலா ஏறியது, முனியின் நெஞ்சு இறங்கியது, கிடாவின் விலா இறங்கியது. பம்பைக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"காதுல ஊத்துங்க" என்றான் கூட்டத்தில் ஒருவன். அதுவும் வழக்கம்தான், அவசரத்துக்குச் செய்கிற வழக்கம். காதுக்குள் ஊற்றினால் எப்பேர்ப்பட்ட கிடாவும் தலையை உதறித்தான் ஆகவேண்டும். பக்கிரிசாமி செம்பைக் காதோரம் கொண்டுபோனார்.

தையல்நாயகி அவர் கையைப் பிடித்தாள். மாமனார் முறை உள்ளவரின் கையைப் பிடிப்பது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

"காதுல வேணாம் மாமா. கேக்குறதுன்னா நேர்மையா கேப்போம்."

"உத்தரவு வரணுமே தையலு. நேரம் போவுதே."

"போவட்டும்."

அந்த நேரம் பார்த்து தர்ஷினி இருமினாள். சாதாரண இருமல்தான், அடுப்புப் புகை. ஆனால் கூட்டம் மொத்தமும் ஒரே அசைவாகத் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தது. ஒரு பெண் "அய்யோ முனியய்யா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை மறுபடி இருமினாள். "பாத்தியா" என்றார் பக்கிரிசாமி. "தாமதம் பண்ணாத. புள்ளைய நெனச்சுப் பாரு." அவர் மிரட்டவில்லை. அவருடைய பேத்தி அவள், அவருக்கும் பயம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரம் மறுபடி தையல்நாயகியின் கைக்கு வந்தது. அவள் பிள்ளையை இழுத்து, சட்டையைத் தூக்கி, முதுகில் காதை வைத்தாள். உள்ளே போனது, வெளியே வந்தது. அவள் முகம் மாறியது. பிள்ளையைக் கையில் பிடித்தபடியே போய்க் கிடாவின் ஈர விலாவில் காதை வைத்தாள். அங்கிருந்து எழுந்து, அந்த ஊரில் அதுவரை யாரும் செய்யாத ஒன்றாக, முனியின் மப்ளரை விலக்கி, எண்ணெய் ஏறிய அந்தக் கருங்கல் நெஞ்சில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் காத்திருந்தது. வாய்க்கால் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

"மூணும் ஒரே மூச்சு மாமா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "ஒண்ணா போவுது, ஒண்ணா வருது. நீங்களும் வந்து கேளுங்க. கேட்டுட்டு, இதுல எதை நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்க."

பக்கிரிசாமி செம்பைக் கீழே வைத்தார். பேத்தியின் முதுகில் காதை வைத்தார், கிடாவின் விலாவில் வைத்தார், பிறகு எழுபது வயசு உடம்பை வளைத்து, ஆயுள் முழுக்கத் தான் சூடம் காட்டிய சாமியின் நெஞ்சில் காதை வைத்தார். எழுந்தபோது அவர் மீசையில் கரி ஒட்டியிருந்தது, கன்னம் நனைந்திருந்தது.

"இன்னும் உத்தரவு வரல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "வர்ற வரைக்கும் எல்லாரும் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். தையல்நாயகி உட்கார்ந்தாள், கலியமூர்த்தி உட்கார்ந்தான், பம்பைக்காரர், பொங்கல் பானைக்காரிகள், டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர், பஸ்ஸில் வந்த வெளியூர்க்காரர்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவராக வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் உட்கார்ந்தார்கள். கிடா உதறுகிறதா என்று அதன் விலாவையே பார்த்தார்கள். உள்ளே போகிறது, வெளியே வருகிறது. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. வெயில் ஏறியது, புங்கமரத்து நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது, பொங்கல் ஆறி ஏடு கட்டியது, அழுத பிள்ளை அழுகையை விட்டது, யாரும் எழவில்லை, யாரும் பேசவில்லை, கடன்காரனும் கடன் வாங்கியவனும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரு ஆட்டின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்மசீலர் பல வருஷம் உட்கார்ந்து பழகியவர். அவரே பிறகு சொன்னார், அப்படி ஒரு கூட்டம் ஒன்றாக அமர்ந்து தான் எங்கும் கண்டதில்லை என்று. சூரியன் தென்னை மட்டைக்குக் கீழே இறங்கியபோது பக்கிரிசாமி எழுந்து, அரிவாளை முனியின் மடியில், அந்த இரண்டு கைகளின்மேல் வைத்தார். "அடுத்த வருஷம் கேப்போம்" என்றார். ஆறிய பொங்கலை எல்லாரும் தின்றார்கள், அவ்வளவு ருசியாக இருந்தது.

அடுத்த வருஷமும் கேட்டார்கள். கிடாவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள், கிடா உதறவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. வேண்டுதல் பொய்க்கவும் இல்லை, கத்தி இறங்கவும் இல்லை. ஆடி கடைசிச் செவ்வாயில் பள்ளிவாய்க்கால் உட்காரும் என்று அக்கம்பக்கமெல்லாம் பேர் பரவி, பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். பெயர்ப்பலகை ஒன்று வைக்கலாம் என்று இளவட்டங்கள் கிளம்பி, முனி என்று எழுதுவதா புத்தர் என்று எழுதுவதா என்று அடித்துக்கொண்டு, கடைசியில் பலகையை வெறுமனே நட்டுவைத்தார்கள், அதில் கிடா முதுகு சொறிந்துகொண்டது. பக்கிரிசாமி ஒரு மழைக்குப் பிறகு மீசையைத் திரும்ப வரையவில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார். கிடாவுக்கு அவர்தான் முதலில் பேர் வைத்தார், வாத்தியார் என்று. ஊரையே உட்காரவைத்துவிட்டதே என்பது காரணம். பிக்கு வருஷாவருஷம் ஆடியில் வந்தார். தையல்நாயகி தினமும் விளக்கேற்றினாள், தினமும் உட்கார்ந்தாள், முருகனும் ஒரு ஓரமாகச் சத்தமில்லாமல் இருந்தார்.

தர்ஷினி பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், தை மாதத்துக் காலை ஒன்றில், மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தையல்நாயகி அகலோடு வந்தபோது, நரைத்துப்போன கிடா முனியின் முட்டியில் சாய்ந்தபடி கிடந்தது. எப்போதும் படுப்பதுபோலத்தான் படுத்திருந்தது. விலா ஏறவில்லை. அவள் நிமிர்ந்து முனியைப் பார்த்தாள். முனியின் நெஞ்சும் ஏறவில்லை. தொட்டாள். பனியில் நனைந்த கல், வேறொன்றுமில்லை. மூன்றும் ஒரே மூச்சு என்று தான் சொன்னது நினைவுக்கு வந்தது.

அகலைப் போட்டுவிட்டு ஓடினாள். வரப்பிலும் ரோட்டிலும் விழுந்து எழுந்து, எதிரில் வந்த பஸ் நிறுத்தியும் ஏறாமல், காலை ஸ்பெஷல் கிளாஸ் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குள் ஓடி, கணக்கு டீச்சர் "யாரும்மா" என்று கேட்டதையும் காதில் வாங்காமல், இரண்டாவது பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மகளின் முதுகில் அத்தனை பேர் முன்னிலையிலும் காதை வைத்து அழுத்தினாள்.

உள்ளே போனது, வெளியே வந்தது. அது ஓட்டமாக ஓடுகிற மூச்சு, கணக்கு வராத பிள்ளையின் மூச்சு, முனியின் நிதானம் அதில் கொஞ்சமும் இல்லை. அது யாரிடமும் வாங்கியது இல்லை. தர்ஷினியின் மூச்சு.

"அம்மா, விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க" என்று கூசி நெளிந்தாள் பிள்ளை. பிறகு திரும்பித் தாயின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் மாறியது. முழங்காலில் ரத்தம், நெற்றியில் பாதி அழிந்த விபூதி, திறந்த வாய், அசையாத நெஞ்சு. பேனாவை வைத்துவிட்டுத் தாயின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"அம்மா, நீ மொதல்ல மூச்சு விடும்மா."

அப்போதுதான் தையல்நாயகி கவனித்தாள், தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று. ரோட்டிலிருந்தா, அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தா, எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மூச்சை விட்டாள்.